ஜூன் மாதத்துக்கு மட்டுமான புத்தகங்கள் அல்ல

இங்கிலாந்துப் பள்ளிகளில் ஜூன் என்றால் ஜிப்சி, ரோமா, டிராவலர் (ஊர் ஊராக நகர்ந்து வாழும் மரபுள்ள சமூகங்கள்) வரலாற்று மாதம். 2008 முதல் கொண்டாடுகிறோம். பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் டிராவலர் கதைப் புத்தகங்கள் வெளியே வரும். குதிரை பூட்டிய வண்ண வண்டிக்குப் பிள்ளைகள் கலர் அடிப்பார்கள். சுவரில் ஒட்டுவோம். ஜூலையில் கழற்றிவிடுவோம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் பெரிய பயன் இல்லை. சில சமயம் கெடுதலே அதிகம்.

அந்த வண்ண வண்டி தாத்தா, பாட்டி காலத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர்' என்று முதன்முதலாகத் தனிக் கட்டம் வந்தது. அதில் குறியிட்டவர்களில் கேரவன் போன்ற நகரும் வீடுகளில் இருந்தவர்கள் 24 சதவீதம்தான். மற்றவர்கள் நம்மைப் போல வீட்டிலோ ஃபிளாட்டிலோ இருக்கிறார்கள். சுவர் முழுக்கக் குதிரை வண்டி இருந்தால், செங்கல் வீட்டிலிருந்து வரும் டிராவலர் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றியது என்றே தோன்றாது. மற்ற பிள்ளைகளோ இவர்கள் பழங்காலத்து ஆட்கள் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே மக்கள் அல்ல. ரோமானி மக்களின் (ஜிப்சி, ரோமா இரண்டும் இதில் அடங்கும்) முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். ஐரிஷ் டிராவலர்கள் அயர்லாந்து மண்ணின் மக்கள். அவர்களைத் தனி இனக்குழுவாக அந்நாட்டு அரசு 2017 மார்ச் 1 அன்று அங்கீகரித்தது. ஊர் ஊராக ராட்டினம் போடும் ஷோமென் குடும்பங்கள் வேறு. எனவே புத்தகத்தை எடுத்ததும் இது யாருடைய கதை என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கதையில் வரும் அன்றாட வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டால் போதும். என் வகுப்பில் நன்றாக ஓடுவது ட்ரெய்லர் மூலை, அதாவது கேரவன் வீடு போல ஒரு விளையாட்டு மூலை. பெரிய அட்டைப்பெட்டி இரண்டைச் சேர்த்துவைத்து, ஜன்னல் வெட்டி, திரை போடுவோம். உள்ளே நாலு தட்டு, கெட்டில், போர்வை, பொம்மை. 'நாளைக் காலையில் கிளம்புகிறோம்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். எது முதலில் போக வேண்டும், பீங்கான் தட்டு உடையாமல் இருக்க எதில் சுற்றுவது, எது இடத்தை அடைக்கிறது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டு முடிவெடுப்பார்கள். இடமும் அளவும் பற்றி நான் நடத்த வேண்டிய கணக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அந்த மூலையில் கழுவும் பாத்திரம் இரண்டு வையுங்கள், வெவ்வேறு நிறத்தில். பாத்திரம் கழுவுவதற்கு ஒன்று, கைகால், துணிக்கு ஒன்று. பல ரோமானி, டிராவலர் குடும்பங்களில் இரண்டையும் கலக்கவே மாட்டார்கள். எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். 'அவங்க அழுக்கு' என்று வீட்டில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு உபதேசம் செய்வதைவிட, 'அது தட்டு கழுவுறது, அதில கை விடாதே' என்று இன்னொரு பிள்ளை அதட்டுவது நன்றாக வேலை செய்கிறது. (நம் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. பக்கத்து மைதானத்தில் கேரவன் நின்றால் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் என்ன பேச்சு ஓடும் என்பது நமக்கே தெரியும்.)

புதுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கதை கிடைத்தால் விடாதீர்கள். எனக்குப் பிடித்த வகை இதுதான். முதல் நாள் வாசலில் அவள் நிற்கும் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுங்கள். 'அவள் நம் வகுப்புக்கு வந்தால் முதலில் என்ன காட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். நான் எதிர்பார்த்தது நூலகம், கம்ப்யூட்டர். வந்த பதில்: டாய்லெட், கோட் மாட்டும் கொக்கி, சாப்பாட்டு வரிசையில் எங்கே நிற்பது. அதையே படம் வரைந்து ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகமாகத் தைத்தோம். புதிதாகச் சேரும் எந்தப் பிள்ளைக்கும் இப்போது அதைத்தான் கொடுக்கிறோம்.

கதையை வாயால் சொல்வதற்கும் நேரம் ஒதுக்குங்கள். டிராவலர்களுக்குக் கதை என்பது பெரும்பாலும் வாய்வழி வந்த சொத்து. இரண்டாம் முறை புத்தகம் இல்லாமல், வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துண்டு சொல்லட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அங்கே கெட்டிக்காரனாகிவிடுவதைப் பார்க்கலாம்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. வகுப்பில் இருக்கும் டிராவலர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, 'உங்க வீட்டில எப்படி, நீ சொல்லேன்' என்று கேட்பது. கேலிக்குப் பயந்து பல குடும்பங்கள் பள்ளிப் படிவத்தில்கூட அடையாளத்தை எழுதுவதில்லை. பிள்ளையாகச் சொன்னால் காது கொடுங்கள். சொல்லாவிட்டால் கதையைத் தொடருங்கள். யாராவது வசைச்சொல்லை வீசினால், மற்ற இன வசைக்கு என்ன நடவடிக்கையோ அதையே எடுங்கள். 2010 சமத்துவச் சட்டப்படி ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் பாதுகாக்கப்பட்ட இனக்குழுக்கள்.

அப்புறம், தொழிலுக்காகப் பெற்றோர் பயணம் போகும்போது வருகைப் பதிவேட்டில் 'T' என்று போட விதி இருக்கிறது. கிளம்பும் குடும்பத்திடம் இரண்டு கதைப் புத்தகம், நோட்டு, கலர் பென்சில் அடங்கிய பையைக் கொடுத்தனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்கள் வாசிக்கச் சிரமப்படக்கூடும் என்பதால், கதையை நீங்களே வாசித்து ஃபோனில் ஒலிப்பதிவாக அனுப்பிவிடுங்கள். மீதிப் புத்தகங்களை டைனோசர், தேவதைக் கதைகளோடு கலந்து அதே கூடையில் போட்டுவையுங்கள், பள்ளி ஆண்டு தொடங்கும் செப்டம்பரிலிருந்தே.