போலார், நான்போலார்: தமிழ்ல எப்படி சொல்றது?

வேதியியல்ல மூலக்கூறைப் போலார், நான்போலார்னு பிரிக்கிறோம்ல, அந்தப் போலார்ங்கிற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்துல இருக்குற 'போலோஸ்', வானம் எதைச் சுத்திச் சுழலுதோ அந்த அச்சுக்குப் பேரு, அது லத்தீன் வழியா வந்து பூமியோட ரெண்டு கோடிக்கும் அப்புறம் காந்தத்துக்கும் ஒட்டிக்கிட்டு கடைசில மூலக்கூறு வரைக்கும் வந்துருச்சு. துருவம்னு போடுறவங்களும் இருக்காங்க, ஆனா துருவம்னா அசையாம நிக்கிறது, துருவ நட்சத்திரம்ங்கிறோமே அதான். மூலக்கூறு எங்க நிக்குது? அதனால பாடப்புத்தகத்துல வர்ற முனைவுள்ள, முனைவற்ற இதுதான் எனக்குச் சரியா படுது. ஒரு பக்கம் பிளஸ், மறு பக்கம் மைனஸ்னு இருக்குற டைபோலுக்கு இருமுனை.

முனைவுள்ளதுன்னா சார்ஜ் ஏறினதுன்னு நினைச்சுக்காதீங்க. தண்ணில ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்குது, அந்தப் பக்கம் லேசா மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசா பிளஸ், மொத்தமா கூட்டினா ஜீரோதான். கார்பன் டை ஆக்சைடுல பிணைப்பு ரெண்டுமே முனைவுள்ளது, ஆனா நேர்கோட்டுல எதிரெதிரா இழுக்கறதால ஒண்ணை ஒண்ணு அடிச்சிருது, மூலக்கூறு முனைவற்றதா ஆயிடுது. இதை அளக்கறது இருமுனை திருப்புத்திறன்: தண்ணிக்கு 1.85 டிபை (இதை அளக்குற அலகு), கார்பன் டை ஆக்சைடுக்கு 0.

இனி மூலக்கூறு இடைவிசை, அதாவது மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு ஈர்க்கற விசை. முனைவற்றதுன்னதும் ஈர்ப்பே கிடையாதுன்னு நிறைய பேர் முடிவு பண்ணிடறாங்க, அப்படி இருந்தா அயோடின் அறை வெப்பநிலைல எப்படி திடமா கிடக்கும்? எலக்ட்ரான் ஓடிட்டே இருக்கும்போது ஒரு கணம் ஒரு பக்கம் கூடிரும், அந்தத் தற்காலிக இருமுனை பக்கத்து மூலக்கூறுலயும் ஒரு இருமுனையைத் தூண்டிவிடும், ரெண்டும் ஈர்த்துக்கும். இதை 1930ல குவாண்டம் கணக்கு போட்டு விளக்கினவர் ஃபிரிட்ஸ் லண்டன்ங்கிற இயற்பியலாளர், அதான் இதுக்கு லண்டன் விசைன்னு பேரு. எலக்ட்ரான் ஜாஸ்தியானா இந்த விசையும் ஜாஸ்தி, முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரில கொதிக்குது, முனைவற்ற கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரி வரைக்கும் தாங்குது! ஆனா ஏறக்குறைய ஒரே எடை உள்ள பியூட்டேனையும் அசிட்டோனையும் எடுத்தா கதை மாறிடும், பியூட்டேன் 0 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், முனைவுள்ள அசிட்டோனுக்கு 56 வேணும்.

லண்டன் விசையை சிதறல் விசைன்னும் எழுதறாங்க, அது எனக்கு ஒப்பலை. டிஸ்பெர்ஷன்னு அவர் பேர் வச்சது ஒளியோட நிறப்பிரிகைக் கணக்கோட இதுக்கு இருக்குற தொடர்பால, சிதறல்னா ஸ்கேட்டரிங் ஆயிடும். பேசாம லண்டன் விசைன்னே விட்டுடலாம், வாண்டர் வால்ஸ்ங்கிறவர் பேரை வச்சு வாண்டர் வால்ஸ் விசைன்னு சொல்றோம்ல, அது மாதிரி.