பி.டி. பருத்திதானே என்று இருக்காதீர்கள், காயைப் பிளந்து பாருங்கள்

“பி.டி. விதைதான் போட்டேன், அப்புறம் எப்படிங்க புழு வந்துச்சு? போலி விதையா?” பருத்தி வெடிக்கும் சமயத்தில் வருஷா வருஷம் இதே கேள்வி. பெரும்பாலும் விதை சரியாகத்தான் இருக்கிறது. பி.டி. என்பது புழுவைக் கொல்லும் புரதத்துக்கான பாக்டீரியா மரபணுவை ஏற்றிய பருத்தி. அது எல்லாப் பூச்சிக்கும் வேலி என்ற நினைப்புதான் தப்பு.

நம் நாட்டில் 2002-ல் வந்த பி.டி. பருத்தியில் கிரை1ஏசி என்ற ஒரே புரதம். 2006-ல் கிரை2ஏபியும் சேர்ந்தது. இரண்டும் காய்ப்புழுக்களுக்காக வைத்தவை, அதுவும் கடித்துத் தின்கிற புழுவுக்கு மட்டும். அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் சாறு உறிஞ்சுபவை. அவற்றை இந்தப் புரதம் ஒன்றும் செய்யாது. (வெள்ளை ஈயைக் கொல்லும் பெரணிச் செடிப் புரதம் ஒன்றைப் பருத்தியில் ஏற்றியதாக லக்னோ விஞ்ஞானிகள் 2016-ல் அறிவித்தார்கள். உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டில் அது இல்லை.)

காய்ப்புழுவிலும் இளஞ்சிவப்புப் புழு தப்பிவிட்டது. குஜராத்தில் 2010 வாக்கில் முதல் புரதத்தையும், 2015 வாக்கில் இரண்டையும் தாங்கப் பழகிவிட்டது. அதற்கு நாமே வழிவிட்டோம். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் கொடுத்து, ஓரத்தில் ஐந்து வரிசை போடச் சொன்னார்கள். அந்தச் சின்னப் பையை வீசியவர்கள்தான் அதிகம். புரதத்தைத் தாங்காத அந்துப்பூச்சிகள் அந்தச் சாதா வரிசைகளில் பிறந்து, தாங்கும் பூச்சிகளோடு கலந்தால்தான் எதிர்ப்பு பரவுவது தள்ளிப்போகும்.

நம் பி.டி. ரகங்கள் வீரிய ஒட்டு. அதனால் ஒரே காயில் சில விதையில் இரண்டு புரதமும் இருக்கும், சிலதில் ஒன்று, சிலதில் எதுவுமே இராது. புழு தின்பது அந்த விதையைத்தான். வீட்டு விதையை எடுத்து மறுபடி விதைக்காதீர்கள் என்று கெஞ்சுவதும் இதற்காகத்தான். போதாததற்கு, நூறு நாள் தாண்டினால் செடியில் புரதமும் குறைந்துகொண்டே போகும்.

காயின் மேலே ஓட்டை தேடிப் பயனில்லை. குஞ்சுப்புழு நுழைந்த துளை மூடிவிடும். இதழ்கள் நூலால் கட்டியதுபோல் விரியாமல் சுருண்டு நிற்கும் பூவைப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். ஏக்கருக்கு அங்கங்கே 20 பச்சைக் காயைப் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டு காயில் புழு இருந்தாலே மருந்துக்கு நேரம் வந்துவிட்டது. 45-ஆம் நாளிலேயே ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்தின் மணமுள்ள குப்பியால் ஆண் அந்தை இழுத்துப் பிடிப்பது) வையுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு எட்டு அந்து என்று மூன்று நாள் தொடர்ந்து விழுந்தாலும் அதே கணக்குதான். குப்பியை மாற்ற மறந்த பொறியில் எதுவும் விழாது, அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

சப்பை (பூமொட்டு) விடும் பருவத்தில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் போதும். எடுத்த எடுப்பில் பைரித்ராய்டு மருந்தை அடிக்காதீர்கள்; நன்மை செய்யும் பூச்சிகள் செத்து வெள்ளை ஈ பெருகும், அப்புறம் அதற்கும் செலவு.

கடைசி எடுப்பு முடிந்தால் செடியை விட்டுவைத்துத் தண்ணீர் கட்டி இன்னொரு காய்ப்புக்கு ஆசைப்பட வேண்டாம். 150, 160 நாளில் பயிரை முடியுங்கள். பிடுங்கிய பருத்தி மாரை விறகுக்கென்று வரப்போரம் அடுக்காதீர்கள். வெடிக்காமல் ஒட்டியிருக்கும் காய்க்குள் புழு மாதக்கணக்கில் உறங்கி, அடுத்த பூவுக்கு எழுந்து வரும். தூளாக்கி உழுதுவிடுங்கள், இல்லையென்றால் மட்க வையுங்கள். பக்கத்தில் பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரவை மில் இருந்தால் அதன் வாசலிலும் பொறி கட்டச் சொல்லுங்கள்.