கோலோபோமா: மூடா விழிப்பிளவு

சில குழந்தைகளுக்குக் கண்மணி வட்டமாக இருக்காது. கீழ்ப்பக்கம் நீண்டு, பழைய பூட்டின் சாவித் துவாரம் போலத் தெரியும். கண் மருத்துவர் அந்தக் குழந்தையின் சீட்டில் எழுதித் தரும் சொல் 'கோலோபோமா'. வீடு திரும்பியதும் பெற்றோர் தேடுவது அந்தச் சொல்லைத்தான். 'கண் குறைபாடு', 'கருவிழியில் ஓட்டை' என்ற அளவில் பதில் கிடைக்கும். இது எப்போது நேர்ந்தது, எதனால் நேர்ந்தது, கர்ப்ப காலத்தில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று கேட்கும் தாய்க்கு அது போதாது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பெரும்பகுதி கருவியல் ஆய்விலும் மரபணு ஆய்விலும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழும் அமையும்.

சொல் கிரேக்கம். 'கோலோபோஸ்' என்றால் முனை அறுந்த, வெட்டுண்ட, குறைபட்ட என்று பொருள். பழைய கிரேக்க மருத்துவத்தில் உதட்டிலோ காதிலோ மூக்கிலோ ஒரு பகுதி இல்லாமற்போன நிலையைக் கோலோபோமா என்றார்கள். ஆப்பிரிக்காவில் வாழும் கொலபஸ் குரங்கின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. அந்தக் குரங்குக்குக் கைப் பெருவிரல் மிகச் சிறியது, பலவற்றுக்கு இல்லவே இல்லை. பின்னாளில் ஐரோப்பியக் கண் மருத்துவர்கள் இந்தச் சொல்லைக் கண்ணின் பிறவி நிலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸில் ஒரு துண்டு இல்லாததைப் பார்த்தவர்களுக்கு, யாரோ வெட்டி எடுத்தது போலத் தோன்றியது இயல்பே. உள்ளே நடந்தது வேறு.

கருவுக்கு நான்காவது வாரம் நடக்கும்போது முன்மூளையின் இருபுறமும் இரண்டு குமிழ்கள் புடைத்து வெளியே வருகின்றன. ஒவ்வொரு குமிழும் வளர்ந்து மேல்தோலைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் தோல் தடித்து விழிவில்லையாக மாறுகிறது. குமிழ் உள்ளே குழிந்து இரட்டைச் சுவர் கொண்ட விழிக்கிண்ணம் ஆகிறது. அந்தக் கிண்ணம் முழுமையானதல்ல. அதன் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து, கிண்ணத்தை மூளையோடு இணைக்கும் தண்டு வரை, நீளமாக ஒரு பிளவு ஓடுகிறது. இது விழிப்பிளவு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் இது இருந்தது.

பிளவு எதற்கு? இரத்தத்துக்காக. வளரும் வில்லைக்கும் கிண்ணத்தின் உட்புறத்துக்கும் ஊட்டம் வேண்டும். அதைக் கொண்டுவரும் நாளம் உள்ளே நுழைய வழி வேண்டும். ஹைலாய்ட் தமனி இந்தப் பிளவின் வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது. அது போன பிறகு, ஐந்தாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில், பிளவின் இரு விளிம்புகளும் நெருங்கி வருகின்றன. ஒவ்வொரு விளிம்பையும் மூடியிருக்கும் அடிச்சவ்வு கரைய வேண்டும், பிறகு செல்கள் கலந்து ஒட்ட வேண்டும். ஒட்டுதல் நடுவில் தொடங்கி முன்னும் பின்னுமாகப் பரவுகிறது. முன்னே போகும் வழியில் நின்றுவிட்டால் ஐரிஸில் இடைவெளி விழும். பின்னே போகும் வழியில் நின்றால் விழித்திரையிலும் அதன் கீழுள்ள படலத்திலும், சில குழந்தைகளுக்குப் பார்வை நரம்பின் முகப்பிலும் விழும். பிளவு கிண்ணத்தின் அடியில் இருந்ததால், இந்த இடைவெளி பெரும்பாலும் கீழே, சற்று மூக்குப் பக்கம் சாய்ந்தே இருக்கும். மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்தே காரணத்தை ஊகிப்பார். கருவுற்ற முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இதெல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. சுமார் 10,000 பிறப்புகளில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மனிதக் கருவில் இதை நேரில் பார்க்க முடியாது. அதைப் பார்க்க வைத்தது ஒரு சிறு மீன். கங்கைச் சமவெளி ஓடைகளில் திரியும் இந்த மீனைப் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் தன் கங்கை மீன்கள் நூலில் விவரித்தார். நம்மூர் வண்ண மீன் கடைகளில் ஜீப்ரா என்று கேட்டால் கிடைக்கும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை மரபியல் ஆய்வுக்கு உகந்த விலங்காக வளர்த்தெடுத்தார். முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கரு கண்ணாடியாகத் தெரிகிறது, ஒரு நாளுக்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. 2013-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதில் இணை இருப்பது தெரிந்தது.

2002-இல் இரத்த நாளச் சுவரின் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி இந்த மீனில் ஒரு வகை உருவாக்கப்பட்டது. நுண்ணோக்கியின் கீழ் இரண்டாம் நாள் கருவின் கண்ணைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், இருண்ட கிண்ணத்தின் அடியில் மெல்லிய கீறல் தெரியும். அதன் வழியே பச்சை இழை ஒன்று உள்ளே ஏறி வில்லையின் பின்புறத்தைச் சுற்றிக்கொள்ளும். சில மணி நேரத்தில் கீறலின் விளிம்புகள் அந்த இழையைச் சூழ்ந்து நெருங்கும்.

இங்கேதான் கண்ணும் இரத்த நாளமும் ஒரே கதையாகின்றன. எல்.எம்.ஓ.2 என்ற மரபணு பழுதான மீன்களில் ஹைலாய்ட் நாளம் அளவுக்கு மீறித் தடித்துவிடுகிறது. விளிம்புகள் நெருங்க இடமில்லாமல் பிளவு திறந்தே கிடக்கிறது. அப்படியானால் நாளமே இல்லாவிட்டால் நல்லதா? 'குளோஷ்' என்ற பிறழ்வு கொண்ட மீன்களில் இரத்தமும் இல்லை, நாளச் செல்களும் இல்லை. அவற்றிலும் பிளவின் அடிச்சவ்வு உரிய நேரத்தில் கரைவதில்லை. தடித்தாலும் தொல்லை, இல்லாவிட்டாலும் தொல்லை. வழி விடுவதற்காகத் திறந்த பிளவை மூடுவதற்கு, அந்த வழியில் வந்த நாளமே கைகொடுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

மரபணுக்களின் பட்டியல் நீளமானது. பெற்றோருக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறேன். பாக்ஸ்2 என்ற மரபணு விழிப்பிளவிலும் சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. அதன் பழுதால் கண்ணும் சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கப்படுவது 1995-இல் தெரியவந்தது. சி.எச்.டி.7 மரபணுவின் பழுதில் (2004-இல் கண்டறியப்பட்டது) கண்ணோடு இதயம், காது, மூக்குப் பாதை எல்லாம் சம்பந்தப்படலாம். கண்ணில் கோலோபோமாவைக் கண்ட மருத்துவர் சிறுநீரகத்துக்கு ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ எழுதினால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான். அதேபோலப் பெற்றோரின் கண்ணுக்குள்ளும் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். தனக்கே தெரியாமல் விழித்திரையின் ஓரத்தில் சின்ன இடைவெளியோடு வாழ்கிற அப்பாவோ அம்மாவோ இருக்கக்கூடும். பல குடும்பங்களில் எந்த மரபணு என்று கண்டுபிடிக்க முடியாமலும் போகிறது.

நெட்ரின் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 2019-இல் வெளியான ஆய்வுகள், பிளவு மூடும் நேரத்தில் அதன் விளிம்புகளில் நெட்ரின்-1 என்ற புரதம் மிகுதியாக இருப்பதையும், அது இல்லாத எலிக்கும் மீனுக்கும் கோலோபோமா வருவதையும் காட்டின. இந்தப் புரதம் முதலில் அறியப்பட்டது நரம்பிழைகளுக்கு வழிகாட்டுவதாக. 1994-இல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் சமஸ்கிருதத்திலிருந்து, வழிநடத்துபவர் என்ற பொருளுள்ள 'நேத்ரு' என்ற சொல்லை எடுத்தார்கள். நம் வழக்கில் கண்ணைக் குறிக்கும் 'நேத்திரம்' பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். நடத்திச் செல்வது எதுவோ அது நேத்திரம். பெயர் வைத்தபோது எண்ணியது நரம்பை. 25 ஆண்டுகள் கழித்து அது கண்ணைக் கட்டுவதிலும் பங்கு கொள்வது தெரிந்தது.

மரபணு மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1933-இல் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்பவர் வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்த ஒரு பெண்பன்றி, கண்கோளமே இல்லாத 11 குட்டிகளை ஈன்றது. வைட்டமின் ஏயிலிருந்து உடல் உண்டாக்கும் ரெட்டினோயிக் அமிலம் விழிக்கிண்ணத்துக்கு இன்றியமையாத சமிக்ஞை என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. அதற்காகக் கர்ப்பிணிகள் தாமாக வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. அளவு மிஞ்சினாலும் கருவுக்குக் கேடு.

பிளவு மூடிய பிறகு ஹைலாய்ட் தமனிக்கு என்ன ஆகிறது? அது மறைய வேண்டும். மறையாவிட்டால் ஒளி போகும் பாதையில் இரத்த நாளம் குறுக்கே நிற்கும். மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் நாளச் சுவரின் செல்களிடம் வந்து டபிள்யூ.என்.டி.7பி என்ற சமிக்ஞையைக் கொடுத்து அவற்றை மடியச் செய்வது எலிகளில் 2005-இல் தெரிந்தது. 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு வியப்பானது: கருவுற்ற எலியை முழு இருட்டில் வைத்தால், குட்டியின் கண்ணில் இந்த நாளங்கள் சரியாக மறைவதில்லை. தாயின் வயிற்றைத் தாண்டி உள்ளே போகும் மங்கிய ஒளியைக் கருவின் கண் உணர்கிறது. மனிதரில் இந்தத் தமனியின் அடிப்பகுதி மட்டும் தங்கி, விழித்திரையின் மையத் தமனியாக வாழ்நாள் முழுதும் வேலை செய்கிறது. 'ஹைலோஸ்' என்றால் கிரேக்கத்தில் கண்ணாடி. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழ்மத்தின் ஊடே ஓடுவதால் அந்தப் பெயர். இதைப் 'பளிங்குத் தமனி' என்று எழுதலாம். இலங்கைப் பாடநூல் வழக்கில் தமனி 'நாடி' என்பதால் அங்கே 'பளிங்கு நாடி' ஆகும்.

இனிக் கோலோபோமாவின் தமிழ். கிரேக்கச் சொல்லுக்கு அச்சுப் பிசகாத இணை தமிழில் இருக்கிறது: மூளி. மூளிக் காது, மூளிப் பானை என்கிறோம். ஆனால் மூளி வசைச்சொல்லும்கூட. ஒரு குழந்தையின் கண்ணுக்கு அதைச் சூட்ட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. மூளி ஆவதென்றால் முன்பு முழுமையாக இருந்து பின்பு உடைய வேண்டும் என்ற பொருட்பிழையும் அதில் உண்டு. 'ஓட்டை'யும் அப்படித்தான். 'கருவிழிப் பிளவு' என்பதில் வேறொரு குழப்பம். கருவிழி தானம் என்று செய்தித்தாள் எழுதும்போது அது கார்னியா; ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவு என்றால் அது ஐரிஸ். ஒரே சொல் இரண்டு உறுப்பைச் சுமக்கிறது. ஐரிஸுக்கு இலங்கைத் தமிழர் பள்ளிப் பாடத்திலேயே படிக்கும் 'கதிராளி' தெளிவான சொல். அதைத் தமிழ்நாட்டிலும் எடுத்துக்கொள்ளலாம்.

வெறும் 'பிளவு' என்றால் கேட்பவருக்கு ஏதோ பிளந்துவிட்டது என்று படும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, அரிவாள்மணையில் காய் நறுக்கினாயா என்று உதட்டுப் பிளவுக் குழந்தையின் தாயைக் கேட்கிற ஊர் நம்முடையது. வெட்டும் பிளப்பும் அந்தக் கேள்விகளுக்கே இடம் கொடுக்கும். உண்மையில் எல்லோருக்கும் இருந்த பிளவு இந்தக் குழந்தைக்கு மூடவில்லை, அவ்வளவே. 'வாடா மலர்' போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை வைத்து 'மூடா விழிப்பிளவு' என்றால் நடந்தது நடந்தபடி வந்துவிடுகிறது. இடத்தைச் சேர்த்துச் சொல்வதும் எளிது: கதிராளியில் மூடா விழிப்பிளவு, விழித்திரையில் மூடா விழிப்பிளவு. இடம் முக்கியம். கதிராளியோடு நின்றுவிட்டால் வெளிச்சத்தில் கூச்சம் இருக்கலாம், பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விழித்திரையிலோ நரம்பிலோ இருந்தால் பார்வை குறையலாம். விழித்திரை விலகும் அபாயமும் இருப்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும்.

கண்ணிமையில் பிறவியிலேயே ஒரு துண்டு இல்லாத நிலையையும் மருத்துவர்கள் கோலோபோமா என்றே அழைக்கிறார்கள். அதற்கும் விழிக்கிண்ணத்தின் பிளவுக்கும் தொடர்பு கிடையாது. முகம் உருவாகும் முறையில் நேரும் மாற்றம் அது. அங்கே மூடா விழிப்பிளவு பொருந்தாது, 'இமைக்குறை' என்று தனியே எழுத வேண்டும். சீட்டில் கோலோபோமா என்று மட்டும் இருந்தால், இமையா, கதிராளியா, உள்ளேயா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.