வன்னியில் பூட்டனைத் தேடும்போது

ஒட்டுசுட்டானில் 1960இல் பிறந்தவரின் பிறப்புப் பத்திரத்தில் மாவட்டம் வவுனியா என்றிருந்தால் ‘இது வேறு ஆள்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவ்வூர் இன்றிருக்கும் முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1984இல். பிரதி கேட்டு விண்ணப்பிக்கையில் பழைய மாவட்டத்தையும் கிராமத்தையும் பதிவாளர் பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள். பதிவிலக்கம் தெரியாவிட்டால் பிறந்த ஆண்டை ஒன்றிரண்டு வருடத்துக்குள் குறுக்கிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆண்டில்தான் சறுக்கும். “புயலடிச்ச வருசம் பிறந்தவன்” என்பா ஆச்சி. வன்னியில் அது 1964 மார்கழி. ஆச்சி மட்டக்களப்பிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவவென்றால் 1978 கார்த்திகையாகவும் இருக்கலாம். எந்தப் புயல், அப்போது எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டபின் குறியுங்கள். பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழிலுள்ள ஆண்டோ பெயருக்கேற்ப உத்தேசமே. அதை வைத்துப் பதிவேட்டைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. பேரனாரின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்தால், க. முருகேசுவின் மகன் மு. கந்தையா, அவர் மகன் மறுபடியும் க. முருகேசு. தாள்களில் இருவரும் ஒருவராகிவிடுவர். மனைவி பெயரையும் ஊரையும் பக்கத்தில் எழுதினால்தான் பிரிக்கலாம். பெண்களுக்குக் கலியாணத்தோடு முதலெழுத்தே மாறிவிடும். வீட்டுப் பெயரையும் கேட்டு வையுங்கள்: ஊர் முழுக்க ‘ராசாத்தி’ என்றழைத்தவ பதிவில் வேறு யாரோவாக இருப்பா.

பிறப்புப் பத்திரத்தைத் தாய், தகப்பன் பெயரோடு மடித்து வைப்பவர்களே அதிகம். கீழே தகப்பன்வழிப் பேரனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் கூடு உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை! பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் ‘இல்லை’ என்றிருந்தால் தாலி கட்டவில்லை என்று கொள்ளாதீர்கள். பதியாமல் விட்ட கலியாணங்கள் ஏராளம்.

குடியேற்றத் திட்டக் காணியென்றால் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளரை, அதாவது காணி அடுத்துச் சேரவேண்டியவரை, நியமித்திருந்தால் அவரின் பெயரும் உறவுமுறையும் இருக்கும். ஆனால் காணி துண்டாகாமலிருக்க ஒருவரையே நியமிப்பது வழக்கம், அதுவும் பெரும்பாலும் ஆண்பிள்ளையை. மற்றச் சகோதரங்கள் அதில் வராததால் அதை வைத்துப் பிள்ளைகளை எண்ண முடியாது.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய கைகொடுப்பு. ஞானத்தாய், ஞானத்தகப்பன் அநேகமாகச் சொந்தக்காரர். பிறகு வேறு பங்கில் கலியாணம் நடந்திருந்தால் அந்த விபரம் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பங்குச் சுவாமியிடம் ஓரக்குறிப்பையும் வாசித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். இடம்பெயர்ந்து போனவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்பது சிலவேளை அங்கே மட்டும்தான் இருக்கும்.