கிரீன் பெல்ட் வயலில் வீடுகள் வருகின்றனவா? முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்

இங்கிலாந்தில் ஊரை ஒட்டிய வயல் கிரீன் பெல்ட் (ஊர்கள் பரவாமல் தடுக்கக் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தியிருக்கும் நிலம்) என்றால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு கட்ட விண்ணப்பம் வந்திருப்பதைச் சொல்லி, கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த அறிவிப்பு மழையில் நனைந்து எழுத்து மங்கிய பிறகுதான் ஒருவர் நின்று படித்தார். ஆட்சேபிக்கக் கிடைப்பது பொதுவாக 21 நாள். அதில் பாதி அதற்குள் போய்விட்டது.

2024 டிசம்பரில் தேசியத் திட்டமிடல் கொள்கையில், கிரீன் பெல்ட்டுக்குள்ளேயே 'கிரே பெல்ட்' என்ற வகை நுழைந்தது. பெருநகரம் பரவுவதைத் தடுக்கவோ, இரண்டு நகரங்கள் ஒட்டிவிடாமல் காக்கவோ, பழம்பெரும் நகரின் சூழலைப் பாதுகாக்கவோ ஒரு நிலம் வலுவாக உதவாவிட்டால் அதைக் கிரே பெல்ட் என்று கட்டுநர் வாதாடலாம். அங்கே கட்டுவது எளிது. "பசுமை அழிகிறதே" என்ற வேதனை இந்தச் சோதனையில் எடுபடாது. "எங்கள் கிராமமும் பக்கத்துக் கிராமமும் ஒன்றாகிவிடும்" என்பதும் எடுபடாது. அரசின் வழிகாட்டுதல் நகரங்களைப் பற்றித்தான் பேசுகிறது. அதனால் இந்த வயல் எந்த நகரத்தை எந்த நகரத்திலிருந்து பிரித்து வைக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

வீட்டு விலை குறையும், ஜன்னல் காட்சி மறையும் என்று எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். மனம் நொந்து எழுதிய எத்தனையோ கடிதங்கள் அப்படித்தான் வீணாயின. வெள்ளம், சாலைப் பாதுகாப்பு, பள்ளியில் இடப் பற்றாக்குறை, வௌவால் போன்ற பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் ஆகியவை கணக்கில் வரும். "டிராஃபிக் அதிகம்" என்றால் போதாது. பாதிப்பு கடுமையானது என்று காட்ட வேண்டும். வயலில் தண்ணீர் தேங்கிய படத்தைத் தேதியோடு இணையுங்கள். கடிதம் பொதுப் பார்வைக்குப் போகும், ஆகவே நோய் விவரங்களை எழுதாதீர்கள். பெயர், முகவரி இல்லாத கடிதத்தைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள்.

இனி, மிகப் பெரிய பொறி. பெரும்பாலும் முதலில் வருவது 'அவுட்லைன்' விண்ணப்பம், அதாவது அங்கே கட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் விண்ணப்பம். படம் தெளிவாக இருக்காது, "விவரம் பிறகு வரும்" என்பார்கள். அதை நம்பிக் காத்திருந்த ஒரு அம்மா, அடுத்த கட்டத்தில் இரண்டு பக்கம் எழுதினார். "கட்டலாம் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது" என்று கவுன்சிலிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை முதலிலேயே அவருக்குச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன் செய்தால் கவுன்சிலின் திட்டமிடல் அதிகாரி சாலைத் துறையைக் கேட்கச் சொல்வார், சாலைத் துறையோ திட்டமிடல் அதிகாரியையே கேட்கச் சொல்லும். அலையாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள், பெற்றுக்கொண்டதற்கான பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கவுன்சில் மறுத்தால் கட்டுநர் அப்பீல் போகலாம். அனுமதி கொடுத்துவிட்டால் உங்களுக்கு அப்பீல் கிடையாது. நீதிமன்றம் மட்டுமே வழி, அதுவும் 6 வாரத்துக்குள், சட்டப் பிழை இருந்தால் மட்டும், சொந்தச் செலவில். கட்டுநரின் அப்பீலிலும், அதை முடிவு செய்யும் திட்டமிடல் இன்ஸ்பெக்டர் கைக்கு நீங்கள் கவுன்சிலுக்கு எழுதிய அதே கடிதம் போகும்.

பல விண்ணப்பங்களைக் கவுன்சிலர்கள் அடங்கிய திட்டமிடல் கமிட்டி பார்ப்பதே இல்லை, அதிகாரியே கையெழுத்திட்டு முடித்துவிடுவார். அறிவிப்பைப் பார்த்த வாரமே உங்கள் வார்டு கவுன்சிலரிடம், இதைக் கமிட்டிக்குக் கொண்டுபோகும்படி எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கும் பல கவுன்சில்களில் கெடு உண்டு. கமிட்டியில் பேச மூன்று நிமிடம்தான் கிடைக்கலாம், அதையும் எல்லா ஆட்சேபகர்களும் பங்கு போட வேண்டியிருக்கும். யார் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது, யார் சாலையைப் பற்றிப் பேசுவது என்று முந்தின நாளே பிரித்துக்கொள்ளுங்கள்.