நின்றுபோகும் ரோலர் கோஸ்டர்தான் நல்ல ரோலர் கோஸ்டர்

ரோலர் கோஸ்டர் உச்சிக்கு ஏறும்போது காலுக்கு அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். எங்கேயோ ஆணி கழன்றுவிட்டது என்று பயந்து பலரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையில் பயத்தைக் குறைக்க வேண்டிய சத்தம் அது. ஏற்றப் பாதை நெடுகப் படிக்கட்டு மாதிரி இரும்புப் பற்கள் வைத்திருப்பார்கள். வண்டியின் அடியில் இருக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லையும் தாண்டி விழுகிற ஓசைதான் நமக்குக் கேட்பது. இழுக்கிற சங்கிலி அறுந்தாலும் கரண்ட் போனாலும் வண்டி ஒரு பல் தூரத்துக்கு மேல் பின்னால் சரியாது.

உச்சிக்குப் போனதும் சங்கிலி விட்டுவிடும். வழக்கமான கோஸ்டரில் அதன்பிறகு வண்டியை ஓட்ட எந்த மோட்டாரும் கிடையாது. ஏறிச் சேர்த்த உயரத்தை வேகமாக மாற்றிச் செலவழித்துக்கொண்டே அது கீழே வரும். 50 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வைக் கழிக்காத கணக்குப்படி, அடியில் மணிக்கு 113 கிலோமீட்டர் வேகம் இருக்கும்.

அந்த வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டும்போது வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பத்தான் பார்க்கும். வயிற்றுக்குள் ஏதோ பறக்கிற மாதிரி இருப்பதும் அதனால்தான். அதைப் பிடித்து வைக்க மூன்று வகைச் சக்கரங்கள் உண்டு: தண்டவாளத்தின் மேல் ஓடுவது ஒன்று, பக்கவாட்டில் உரசுவது ஒன்று, அடியிலிருந்து கவ்வுவது ஒன்று. அடிச் சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். இந்த அடிச் சக்கரம் கட்டுரையின் பின்பகுதியில் மறுபடி வரும், நினைவில் வையுங்கள்.

ஒரு வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைப்பது ஒரு பாடு என்றால், ஒரே பாதையில் நான்கைந்து வண்டிகள் ஓடும்போது ஒன்றோடொன்று மோதாமல் பார்ப்பது தனிப் பாடு. இதற்கான வழி ரயில்வேயிலிருந்து வந்தது. பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்று விதி வைப்பார்கள். ரயில்வேயில் பிளாக் என்பார்கள், இங்கேயும் அதே பெயர். பிளாக்கின் எல்லையில் இருக்கும் உணரிகள் வண்டி உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கணினிக்குச் சொல்லும். முன்னால் போன வண்டி வெளியே வந்ததாகத் தகவல் வரும்வரை பின்னால் வருவது பிரேக்கிலோ ஏற்றச் சங்கிலியிலோ நிற்க வேண்டியதுதான். பிரேக்கும் பெரும்பாலும் தலைகீழ்த் தர்க்கத்தில் இயங்கும்: அதைத் திறந்து வைக்கத்தான் காற்றழுத்தம் தேவை, அழுத்தம் போனால் தானே இறுகிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் நில் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் புத்தி. பாதி வழியில் கோஸ்டர் நின்று பயணிகளைப் படிக்கட்டில் இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வரும்போது அதை விபத்து என்று எழுதிவிடுகிறார்கள். பல சமயம் அது எந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கான அடையாளம்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 அன்று நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஸ்மைலர் என்ற அந்தக் கோஸ்டர் பயணியை 14 முறை தலைகீழாகப் புரட்டும். அதில் உலக சாதனையும் வைத்திருந்தது. அன்று நான்கு வண்டிகளுடன் ஐந்தாவதாக ஒன்றையும் பாதையில் சேர்த்திருந்தார்கள். கோளாறு ஒன்றைச் சரிசெய்துவிட்டு ஆளில்லாத வண்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். காற்று பலமாக வீசிய நாள். காலி வண்டிக்கும் ஆள் நிறைந்த வண்டிக்கும் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எடை குறைந்தது சீக்கிரம் வேகம் இழக்கும். காலி வண்டி ஒரு வளைவைத் தாண்ட முடியாமல் பின்னால் சரிந்து பாதையின் நடுவிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் 16 பேருடன் இன்னொரு வண்டி கிளம்பியிருந்தது. கணினி அதை ஏற்றத்தின் உச்சியில் நிறுத்தியது. முன்னால் பிளாக் காலியாக இல்லையே! ஆனால் பொறியாளர்கள் நான்கு வண்டிகள்தான் ஓடுகின்றன என்று நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் கணினிதான் உளறுகிறது என்று முடிவுகட்டி, நிறுத்தத்தைக் கையால் விலக்கிவிட்டார்கள். வண்டி இறங்கிப் போய் நின்றிருந்ததில் மோதியது. முன்வரிசையில் இருந்த இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில், சாய்ந்த நிலையில் சிக்கியிருந்தவர்களை மீட்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவசர எண்ணுக்கு முதல் அழைப்பு போகவே 17 நிமிடம் ஆகியிருந்தது.

தண்டவாளத்திலோ வண்டியிலோ கட்டுப்பாட்டுக் கணினியிலோ எந்தக் குறையும் இல்லை என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை கண்டறிந்தது. அதற்காக அந்தப் பொறியாளர்களைத் திட்டித் தீர்ப்பது எளிது. ஆனால் நிறுத்தத்தை விலக்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும், யார் எண்ண வேண்டும் என்ற ஒழுங்கான நடைமுறையை அவர்களுக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. 2016 செப்டம்பரில் நீதிமன்றம் பூங்காவை நடத்திய நிறுவனத்துக்குத்தான் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. பூங்காவுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து, தப்பு பொறியாளர்களின் கையில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிந்ததே, அரசுக் கண்காணிப்பின் பெரும்பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் கதை வேறு. 1970களில் கேளிக்கைச் சவாரிகள் எல்லாம் மத்திய அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் இருந்தன. 1981இல் அங்குள்ள நாடாளுமன்றம் நிலையான பூங்காக்களை அந்த அதிகாரத்திலிருந்து எடுத்துவிட்டது. நம் ஊர்த் திருவிழா ராட்டினம் போல லாரியில் ஊர் ஊராகப் போகிறவை மட்டும் ஆணையத்திடம் மிஞ்சின. மற்றதெல்லாம் மாநிலங்களின் விருப்பம். ஃபுளோரிடாவில் ஆயிரத்துக்கு மேல் ஊழியர்களும் சொந்த ஆய்வாளர்களும் உள்ள பெரிய பூங்காக்களுக்கு மாநில ஆய்விலிருந்தே விலக்கு.

கான்சஸ் மாநிலத்தில் பூங்காவே ஆள் வைத்து ஆய்வு செய்துகொள்ளலாம் என்றிருந்தது. 2014இல் அங்கே 168 அடி உயரத்தில் ஒரு நீர்ச்சறுக்கு திறந்தார்கள். பெயர் ஃபெருக்ட், ஜெர்மன் மொழியில் பைத்தியம் என்று அர்த்தம். மூன்று பேர் உட்காரும் ரப்பர் படகு செங்குத்தாக விழுந்து அடுத்த மேட்டில் ஏற வேண்டும். இங்கேதான் மில்லரின் சக்கரம் ஞாபகத்துக்கு வருகிறது. படகை அடியிலிருந்து கவ்விப் பிடிக்க எதுவும் கிடையாது. எடை கொஞ்சம் மாறினால் அது மேட்டில் எழும்பிவிடும். அதற்குப் பரிகாரமாகத் தலைக்கு மேல் இரும்பு வளையங்களில் வலை கட்டினார்கள். 2016 ஆகஸ்டில் படகு எழும்பி, அந்த வளையத்தில் மோதி ஒரு சிறுவன் இறந்தான். வடிவமைத்தவர்களுக்குப் பொறியியல் தகுதி கிடையாது என்று குற்றப்பத்திரிகை சொன்னது; வழக்கு பிறகு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2017இல் கான்சஸ் சட்டத்தை இறுக்கியது, அடுத்த ஆண்டு சறுக்கை இடித்தார்கள். வரைபடத்தை முன்கூட்டியே ஒரு வெளிப் பொறியாளர் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்ற ஒரு விதி இருந்திருந்தால் இது கட்டப்பட்டே இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, அரசு ஆய்வாளர் வந்துவிட்டால் போதுமா? 2017 ஜூலையில் ஒஹாயோ மாநிலப் பொருட்காட்சியில் ஃபயர் பால் என்ற ஊஞ்சல் சவாரி, ஆய்வில் தேறிய பிறகுதான் உடைந்தது. ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள். இருக்கைகளைத் தாங்கிய இரும்புக் குழலை உட்புறமாகத் துரு பல ஆண்டுகளாகத் தின்று சுவரை மெலிதாக்கியிருந்ததாகத் தயாரிப்பாளர் பின்னர் சொன்னார். வெளிப்பக்கம் வண்ணம் பளிச்சென்று இருந்தால் கண்ணால் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? குழல் சுவரின் தடிமனை மீயொலிக் கருவி வைத்து வெளியிலிருந்தே அளக்கலாம். ஆனால் எந்த இடத்தில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் ஆய்வாளர் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு வருவார்.