ஹீட்டருக்கு ஒரு பிளக், சுவருக்கு இரண்டு ஓட்டை

நுவரெலியாப் பக்கம் கெஸ்ட்ஹவுஸ் போடுகிறவர்கள் பலர் இப்போது அறைகளை ஜிப்சம் போர்ட்டால்தான் பிரிக்கிறார்கள். பெயின்ட் அடித்து, கட்டிலும் போட்ட பிறகுதான் குளிர் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் வயரிங் வேலை செய்யும் எனக்குப் போன்: "பாஸ், ஒரு ஹீட்டர் பிளக் வேணும். சுவத்தை உடைக்காமச் செய்ய ஏலுமா?"

ஏலும். ஆனால் அவர்களுக்குக் கவலை பெயின்ட், எனக்கு வயர். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும், அதுவும் விடிய விடிய. போன டிசம்பரில் நானுஓயாவில் ஒரு அறைச் சுவரைத் திறந்தேன். பக்கத்து லைட் சுவிட்சிலிருந்து 1/1.13 வயரில், அதாவது லைட்டுக்கான மெல்லிய வயரில், முறுக்கி எடுத்திருந்தார்கள். டேப் உருகி, போர்ட்டின் பின்பக்கத் தாள் பழுப்பாகியிருந்தது. 6 அம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று யாரோ 16 அம்பியராக மாற்றியும் விட்டார்கள். ஜிப்சத்துக்குள் தண்ணீர் இருப்பதால் அது சட்டென்று பற்றாது. மேலே ஒட்டிய தாளும் உள்ளே நிற்கும் மரச்சட்டமும் அப்படியில்லை.

ஆகவே ஹீட்டருக்குத் தனி லைன்: மெயின் சுவிட்ச் போர்ட்டிலிருந்து 7/0.67 என்ற தடித்த வயர், எர்த்தோடு, அதற்கென்று ஒரு 16 அம்பியர் பிரேக்கர், முன்னால் மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். சுவருக்குள் ஜொயின்ட் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் மூடியைக் கழற்றிப் பார்க்கக்கூடிய பொக்ஸில் மட்டும்.

சரி, உடைப்புக்கு வருவோம். முதலில் மெயினை இறக்கி, டெஸ்டரால் பார்த்துவிட்டு, ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் மெல்ல ஓட்டுங்கள். ஸ்க்ரூ உள்ள இடத்தில் ஒட்டும். ஸ்க்ரூக்கள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் வந்தால் அங்கே சட்டம் நிற்கிறது. பெரும்பாலும் இரண்டு அடிக்கு ஒன்று. பிளக் பொக்ஸுக்கான ஓட்டை அவற்றுக்கு இடையில் விழ வேண்டும். போர்ட்டின் தடிப்பு அரை அங்குலம்தான், அதனால் ஓட்டை அறுக்கும் கைவாளின் நுனியிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு டேப் சுற்றிக்கொள்வேன். அதைத் தாண்டி இறங்கினால் உள்ளே கிடக்கும் பழைய வயரையும் சேர்த்து அறுத்துவிடும். கிரைண்டர் மட்டும் வேண்டாம், தூசு மூன்று அறைக்குப் போகும்.

சீலிங்குக்கு மேல் ஏற வழியிருந்தால் பாதி வேலை முடிந்தது. மேல்சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு, நைலோன் நூலில் இரும்பு நட் ஒன்றைக் கட்டி இறக்குங்கள். கீழே பொக்ஸ் ஓட்டைக்குள் காந்தத்தை நீட்டினால் நட் தானாக வந்து ஒட்டும். நூலில் வயரைக் கட்டி இழுக்க வேண்டியதுதான். நட் பாதி வழியில் 'டொக்' என்று நின்றால் குறுக்குச்சட்டம். அந்த உயரத்தில் நாலு அங்குல ஜன்னல் ஒன்று வெட்டத்தான் வேண்டும். வெட்டும்போது வாளைச் சாய்த்துப் பிடித்தால் அதே துண்டை மூடிபோலத் திரும்ப வைக்கலாம். தகரச் சட்டமென்றால் ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுக்காதீர்கள், தோலைச் சீவிவிடும்.

வயர் பிளக்கிலிருந்து நேர் மேலே போகட்டும். மிச்சம் பிடிக்கக் குறுக்கே சாய்த்து இழுத்தால், பின்னால் வருகிறவருக்கு அது எங்கே ஓடுகிறதென்று தெரியாது.

பூச்சு வேலையில் எங்கள் ஊர் மூடுபனி ஒரு தனிக் கஷ்டம். கொழும்பில் ஒரே நாளில் காய்வது இங்கே இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் இரண்டாவது பூச்சு போட்டு, ஒரே வாரத்தில் வெடித்து, என் செலவில் திரும்பப் பூசியிருக்கிறேன்.

மூடுவதற்கு முன் சுவரில் அளவு டேப்பை ஒட்டி, வயர் தெரிய ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவேன். அடுத்த மாதம் அதே இடத்தில் கண்ணாடி மாட்ட ஆணியோடு வரப்போகிறவர் நானில்லையே.